காட்டுக்குள் கேட்ட கூவல்

போகிற கால் பூவை மிதித்தாலும் போகும், முள்ளை மிதித்தாலும் போகும் என்று எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் சொல்வார்கள். என் அக்காவின் கால் மட்டும் போக மாட்டேன் என்றது. கொழும்பில் ஒரு வீட்டில் கைக்குழந்தை பார்க்க அவளை அனுப்புவதாக அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். தரகர் வேனோடு வரும் நாளும் வந்துவிட்டது. அவளுக்குப் பதினான்கு வயது, எனக்கு எட்டு.

அன்று காலையில் அக்கா என் கையைப் பிடித்து, "வண்ணாத்திப்பூச்சி பாக்கப் போவோம், வா" என்றாள். இறப்பர் மலையைத் தாண்டினால் காடு. பங்குனி பிறந்தால் அந்தக் காட்டு வழியாகப் பூச்சிகள் சிவனொளிபாதமலைப் பக்கம் கூட்டங்கூட்டமாகப் போகும். சாமி கும்பிடப் போகின்றனவாம். திரும்பி வந்ததை யாரும் பார்த்ததில்லை.

ஓடைக்கரையின் ஈர மணலில் மஞ்சளும் வெள்ளையுமாக அப்பிக் கிடந்தன. அக்கா என்னைப் பாறைக்குப் பின்னால் உட்காரவைத்தாள்.

"அசையாத. சத்தங் காட்டாத. பறந்துரும்."

காலில் அட்டை ஏறியதைக்கூட நான் தட்டிவிடவில்லை. அவளோ பூச்சியைப் பார்க்காமல் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வேன் போனப்புறம் வீட்டுக்குப் போவோம். பொறகு நான் எங்கயும் போகத் தேவையில்ல" என்றாள். எனக்கும் அதுதான் வேண்டும். அவள் போய்விட்டால் எனக்கு யார் தலை பின்னுவது?

மத்தியானத்துக்குள் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. வெயில் போனதும் பூச்சிகள் ஒவ்வொன்றாக எழும்பி இலைக்கடியில் ஒட்டிக்கொண்டன. காடே வெறிச்சோடிப் போயிற்று. அந்த அமைதியில் கீழேயிருந்து ஒரு கூவல் கரைந்து கரைந்து வந்தது.

எங்கள் பக்கத்தில், காட்டுக்குள் ஒருவர் 'கூ' என்றால் கேட்டவர் 'கூ' என்று திருப்பிச் சொல்லியாக வேண்டும். விறகுக்குப் போனாலும் சரி, மாடு தேடிப் போனாலும் சரி. பதில் வராவிட்டால் ஆளுக்கு ஆபத்து என்று அர்த்தம். எங்கள் பிள்ளைகளுக்குப் பேச்சு வருமுன்னே அது வந்துவிடும்.

அக்காவின் கை என் வாய்க்கு வருவதற்குள் நான் கூவிவிட்டேன். நீட்டி, நல்ல சத்தமாக.

"அடி பாவி" என்றாள். அடிக்கக்கூட இல்லை. தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

தரகர்தான் முதலில் ஏறி வந்தார். "இந்தா இருக்காங்களே! இங்கயும் இல்ல, திரும்பிப் போவோம்னு நின்னீங்களே!" என்று அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். அப்பா எங்கள் முகத்தைப் பார்க்காமலே, "வாங்கம்மா, வேன் நிக்குது" என்றார். அக்கா எழும்பி நடந்தாள். அழவில்லை. வேனில் ஏறியபோதும் என் பக்கம் திரும்பவில்லை.

அப்பா கூவினால் எதிர்மலையில் இறப்பர்ப் பால் வெட்டுகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அப்படிப்பட்டவர், அன்று தரகரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டுக்குக்கூடக் கேட்காத குரலில் ஒரே ஒரு தரம் கூவியிருக்கிறார். அவருக்குத் தடிமன் பிடித்துத் தொண்டை கட்டிவிட்டதாக நான் நினைத்தேன். அம்மாவிடம் சொல்லிக் கொத்தமல்லி அவிக்க வைத்து, சுடச்சுடக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி, முழுவதையும் குடித்தார்.