துட்டி வீட்டில் புது கேசட்

அந்த இங்கிலாந்துப் பாட்டுக் குழுவை எங்கள் வீட்டில் எனக்கு மட்டும்தான் பிடிக்கும். போஸ்ட்-பங்க் என்று சொல்லும் வகையறா. பாடுகிறவர் பாட மாட்டார், யாரையோ வைவார். பின்னால் பேஸ் கிடார் ஒரே இடத்தில் நின்று இடித்துக்கொண்டிருக்கும். தொண்ணூறுகளின் நடுவில், நான் பாளையங்கோட்டையில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த காலம். என் பின்னறையில் அதைப் போட்டால் போதும், முன்கட்டிலிருந்து சித்தப்பாவின் சத்தம் வரும்.

"ஏலே, தகரக் கடையில அடிதடியா நடக்கு? கொறைலே!"

குறைப்பேன். அவர் கோர்ட்டுக்கு வேலைக்குக் கிளம்பியதும் கூட்டுவேன். சித்தி இரண்டு பேரையும் பார்த்துச் சிரிப்பாள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வைவதற்கென்று அவருக்குக் கிடைத்த பிள்ளை நான்தான்.

பல வருஷம் வாய் திறக்காமல் கிடந்த குழு புது ஆல்பம் போட்டிருக்கிறது, கேசட்டை அனுப்புகிறேன் என்று பெங்களூரில் வேலை பார்த்த நண்பன் எழுதினான். வழிமேல் விழி வைத்துக் காத்திருந்தேன். பார்சல் வந்தபோது வாசலில் பந்தல் போட்டிருந்தது. சித்தப்பா நெஞ்சுவலியில் திடீரென்று போய்விட்டார். அவர் சாம்பலைத் தாமிரபரணியில் கரைத்துவிட்டு அப்போதுதான் வீடு வந்திருந்தோம்.

சாவு விழுந்த துட்டி வீட்டில் பதினாறாம் நாள் கழியும் வரை பாட்டு கிடையாது. ரேடியோவைத் தொடக் கூடாது, டிவி மேல் துணியைப் போட்டு மூடிவிடுவார்கள். எனக்கும் தெரியும். ஆனாலும் கை அரித்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் முன்கட்டில் உட்கார்ந்திருந்த மத்தியானம், பின்னறையில் வாக்மேனைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு கேட்டேன்.

பாடகருக்கு வயதாகியிருந்தது. பழைய வசவு இல்லை. மூச்சு வாங்கி, வார்த்தைக்கு வார்த்தை இடம் விட்டுப் பாடினார். நன்றாக இருந்தது, அதுதான் சங்கடம். சித்தப்பாவைக் கிடத்தியிருந்தபோது வராத அழுகை, எவனோ ஒரு வெள்ளைக்காரனுக்குக் கிழடு தட்டியதற்கு வந்தது. என் மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. அப்படியும் நிறுத்தவில்லை, கேசட்டைத் திருப்பிப் போட்டேன்.

சித்தி அந்தப் பதினாறு நாளும் தன் அறையை விட்டு வெளியே வரக் கூடாது. அவளுக்குக் காப்பி கொண்டுபோகச் சொன்னாள் அம்மா. இயர்போனைக் காதிலிருந்து பிடுங்கினேனே தவிர, வயர் கழுத்தில் தொங்கியதைக் கவனிக்கவில்லை.

"பாட்டா கேட்டுட்டு இருக்க?" என்றாள் சித்தி.

தூக்கிவாரிப் போட்டது. "அந்தக் குழு சித்தி... புதுசு வந்திருக்கு."

வைவாள் என்று நினைத்தேன். அவள் குரலைத் தாழ்த்தினாள். "அத வெளிய கேக்குத மாதிரி கொஞ்சம் வையேன், பைய. முன்கட்டுலருந்து ஒங்க சித்தப்பா சத்தம் போடுவாகல்லா? இந்தா போடப் போறாகன்னு கொஞ்ச நேரம் இருந்துக்கிடுவேன்."

வைத்திருக்கலாம். கதவைச் சாத்திவிட்டு ஒரே ஒரு பாட்டு. வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் காதில் விழுந்தால் என்னைத்தானே சொல்வார்கள்? அந்தப் பயம்தான், வேறொன்றுமில்லை.

"அது எப்படி சித்தி? வாரவுக என்ன நினைப்பாக? பதினாறு கழியட்டும்" என்றேன், பெரிய மனுஷன் மாதிரி.

"அதுவும் சரிதான்" என்று காப்பியை வாங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகும் நான் தினமும் கேட்டேன். அவளுக்குச் சொன்ன நியாயம் எனக்கு இல்லை. எந்தப் பாட்டுக்கு அடுத்து எந்தப் பாட்டு என்பதெல்லாம் மனப்பாடமாகிவிட்டது.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து, பந்தியில் சாப்பிட்டுச் சொந்தக்காரர்கள் கலைந்தார்கள். சித்தியைச் சேரன்மகாதேவிக்குக் கூட்டிப்போக அவள் அண்ணன் கார் பிடித்து வந்திருந்தார். நான் அவசர அவசரமாக டேப் ரெக்கார்டரை அவள் அறைக்குத் தூக்கிப் போய், சத்தத்தைக் கூட்டி வைத்தேன். சேலைகளை மடித்துக்கொண்டிருந்தவள் முதல் பாட்டைப் பாதிவரை கேட்டாள். முன்கட்டுப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"எனக்காகவா வச்சிருக்க? அமத்திரு ஐயா" என்றாள். "இனிமே சத்தம் போட மாட்டாகன்னு மனசுக்குத் தெரிஞ்சிட்டு."