பின்கொட்டகையில் எழுதிய ஜெபக்குறிப்பு

பிள்ளைகளைப் பெற்றவர்களிடமிருந்து பிரித்துத் தனியாக உட்கார வைக்கிற சபைகளைப் பார்த்தால் எனக்கு இன்றும் குமட்டிக்கொண்டு வரும். அவர்கள் வயதுக்கு ஏற்ற ஆராதனையாம். அட சீ! எங்கள் ராஜபாளையம் சபையில் அது எந்த லட்சணத்தில் நடந்தது என்று எனக்குத் தெரியும்.

எண்பதுகளின் நடுப்பகுதி வரை நானும் அம்மாவும் ஒரே பாயில்தான். பிரசங்கம் நீண்டால் அவள் மடியில் தூங்குவேன். பாட்டு வந்தால் தொடையில் ஒரு கிள்ளு. புதிதாக வந்த போதகருக்கு இந்தச் சலசலப்பு ஆகவில்லை. எட்டு வயதைத் தாண்டிய பிள்ளைகளை எல்லாம் ஆலயத்துக்குப் பின்னால் இருந்த ஓலைக்கொட்டகைக்கு அனுப்பிவிட்டார். அங்கே கிடார் வாசிக்கிற ஓர் அண்ணன்தான் எங்களுக்குத் தலைவர்.

"அம்மா அப்பாட்ட சொல்ல முடியாதத இங்க சொல்லலாம். இதுதான் ஒங்க நெச குடும்பம்" என்பார் அவர். அதைக் கேட்டுப் பெரிய மனுஷிபோல் நிமிர்ந்து திரிந்தேன். நினைத்தால் என்மீதே அருவருப்பாக இருக்கிறது.

அந்த ஆடியில் அம்மா என்னை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப்போனாள். அவள் பிறந்த ஊர் அது. அப்பாவைக் கட்டிக்கொள்வதற்காக ஞானஸ்நானம் எடுத்தவள். சித்தி வீட்டில் சாப்பிட்டு வெளியே வந்தால் தெருவில் ஆடிப்பூரத் தேர். அம்மா கூட்டத்துக்குள் புகுந்து வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பஸ்ஸில் என் காதருகே, "ஏட்டி, அப்பாட்ட சொல்லிராத. சின்ன வயசுலருந்து தொட்டது, கை கேக்கல" என்றாள். அப்பாவிடம் நான் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு கொட்டகையில் ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுத்தார்கள். வீட்டில் ஆண்டவருக்குப் பிடிக்காத காரியம் நடந்தால் ஜெபக்குறிப்பாக எழுத வேண்டும். "பேரு வேண்டாம். ஆண்டவரத் தவிர யாரும் படிக்க மாட்டாக" என்றார் அண்ணன். அம்மா நரகத்துக்குப் போய்விடுவாளோ என்று எனக்கு ஒரே பயம். 'எங்கம்மா வில்லிபுத்தூரில் தேர் வடத்தைத் தொட்டாங்க. மன்னியும்' என்று எழுதிக் கொடுத்தேன். அம்மா பக்கத்தில் இருந்திருந்தால் எட்டிப் பார்த்து மண்டையில் ஒரு குட்டு வைத்திருப்பாள். அதோடு முடிந்திருக்கும்.

மறு ஞாயிறு, நாங்கள் பாடி முடித்து உட்கார்ந்த நேரம், ஆலயத்து ஒலிபெருக்கியில் போதகரின் குரல் கேட்டது. "ஒரு சிறு பிள்ளை கண்ணீரோடு எழுதுகிறாள்" என்று ஆரம்பித்து என் தாளை வரி விடாமல் வாசித்தார். கண்ணீராம், த்தூ! பேர் இல்லாவிட்டால் என்ன, அந்தச் சபையில் வில்லிபுத்தூர்க்காரி என் அம்மா ஒருத்திதான். "அந்தச் சகோதரி முன்னால் வந்து முழங்கால் போடட்டும்" என்றார். நான் எழுந்து ஓடப் பார்த்தேன். அண்ணன் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

"ஆராதன முடியட்டும்மா" என்றார், சிரித்த முகத்தோடு.

முடிந்ததும் அப்பா யாரையும் பார்க்காமல் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். அம்மா கொட்டகை வாசலில் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. "வாட்டி, சோறு ஆறிரும்" என்றாள். அடிக்கவில்லை, ஏசவில்லை. நாலு அடி போட்டிருந்தால்கூடத் தேவலை.

தொண்ணூறுகளில் அம்மாவுக்கு மதுரையில் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தது. விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த எனக்குத் தையல் பிரித்த பிறகுதான் விஷயம் தெரியும். ஏன் சொல்லவில்லை என்று சித்தியிடம் சண்டைக்குப் போனேன்.

சித்தி, "ஒன்ட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு ஒங்கம்மாதான் சத்தியம் வாங்கினா" என்றாள்.