செயற்கைக்கோள் மறைவதற்குள்

மார்வா ஹெல்ஸ்ட்ரோம் தென்துருவத்தில் டெராஹெர்ட்ஸ் தொலைநோக்கியைப் பார்த்துக்கொள்பவள். விண்மீன்கள் பிறக்கும் மேகங்களிலிருந்து வரும் மெல்லிய அலையைக் காற்றின் ஈரம் வழியிலேயே விழுங்கிவிடும். காற்று நன்றாக வறளும் நாளுக்காகத் தவம் கிடக்க வேண்டும். சம்பளத்துக்குச் செய்தாலும் தவம் தவம்தான்.

பிப்ரவரியில் கடைசி விமானம் போய்விட்டால் அங்கே வசந்தம் தொடங்கும் அக்டோபர், நவம்பர் வரை போக்குவரத்தே கிடையாது. அமெரிக்காவில், சொந்த ஊரான டுலூத்தில் இருக்கும் அண்ணன் ஆர்னிக்குப் புற்றுநோய். "கிளம்பு, நான் எங்கயும் ஓடிட மாட்டேன்" என்று அவன்தான் விரட்டி அனுப்பினான்.

செயற்கைக்கோள் தலைகாட்டும் சில மணிநேரம்தான் வெளியுலகத்தோடு பேச்சு. ஜூலையில் ஒருநாள், அவள் அதுவரை பார்த்திராத அளவுக்கு வானம் வறண்டது. அளவீடுகள் உடனே அமெரிக்காவுக்குப் போனால்தான் கருவி சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வார்கள். ஆனால் அவற்றை அனுப்பும்போது தொலைபேசி வேலை செய்யாது. அது ஆர்னியோடு பேசும் நாள்.

"அண்ணன் காத்துக்கிட்டு இருப்பாரே, அவரோட பேசிட்டு அனுப்பேன்" என்றான் மின்பணியாளன் டெக்ஸ்டர்.

"பேசி முடிக்கிறதுக்குள்ள செயற்கைக்கோள் இறங்கிடும்ப்பா. அவன் நாளைக்கும் இருப்பான். இந்த வானம் இருக்காது."

ஆசை யாரைத்தான் விட்டது? மறுநாள் கூப்பிட்டபோது ஆர்னியின் மனைவி லொரேன் எடுத்தாள். குரல் கம்மியிருந்தது.

"அவருக்கு நினைவில்ல, மார்வா. போனைக் காதுல வைக்கிறேன், பேசு."

மார்வா பேசினாள். உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடித்ததை, அவன் கையுறையைத் தொலைத்துவிட்டுப் பழியை நாய்மேல் போட்டதை எல்லாம் சொன்னாள். "நேத்தே கூப்பிட்டிருக்கணும்டா, புத்தியில்லாமப் போச்சு" என்று அழுதாள். பாதி வாக்கியத்தில் இணைப்பு அறுந்தது. அடுத்த இணைப்பில் மரணச் செய்தி வந்தது.

வானம் வாரக்கணக்கில் வறண்டே கிடந்தது. பாராட்டுகள் குவிந்தன. அவளுக்கு எதுவும் ஒட்டவில்லை. தான் பேசியதை அண்ணன் கேட்டுவிட்டுத்தான் போனான் என்ற ஒரே நம்பிக்கையில் மிச்சக் குளிர்காலத்தைத் தள்ளினாள்.

நவம்பரில் டுலூத் வந்ததும், சமையலறையில் லொரேனிடம் கேட்டாள்: "அன்னைக்கு நான் பேசினப்போ, அவன் முகத்துல ஏதாவது தெரிஞ்சுதா?"

லொரேன் காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"நீ கூப்பிடறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே அவர் போயிட்டாரு, மார்வா. உன் குரலைக் கேட்டதும் எனக்குச் சொல்ல வாய் வரல. நீ சொன்னதெல்லாம் நான்தான் கேட்டேன்."