பலெர்மோவில் இருந்து வந்த ‘போ’

என் கணவர் இத்தாலியில், பலெர்மோவில், ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் பல வருசம் சட்டி கழுவியும் சமைத்தும் வேலை செய்தவர். போன வருசம்தான் எங்கள் ஊர் செட்டிபாளையத்துக்கு வந்து சேர்ந்தார். வந்த கிழமையே ஒரு சொல்லால் வீட்டில் சண்டை வந்தது.

வாழைச்சேனையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் என் அண்ணன் அவரைப் பார்க்க வந்திருந்தார். சாப்பிட்டு முடிந்ததும், “என்ன மச்சான், இனி இஞ்சதானா? திரும்பவும் போற எண்ணமா?” என்று கேட்டார். இவர் தோளை உயர்த்தி, கீழுதட்டைப் பிதுக்கி, “போ” என்றார்.

அண்ணனின் முகம் கறுத்துவிட்டது. எழும்பி மோட்டார் சைக்கிளை எடுத்தார். நான் பின்னால் ஓடினேன். “உன்ட புருசன் என்னப் போகச் சொல்றாரு. போறன்” என்றார்.

உள்ளே வந்து கத்தினேன். “வீடு தேடி வந்த மனிசனப் போ எண்டு சொல்லுவாங்களா?”

“நான் எப்ப சொன்னன்?” என்று விழித்தவர், பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார். “ஐயோ புள்ள, அது அங்கத்தப் பேச்சு. மீன் பிடிக்கிற போட் எண்டு சொல்றமே, அதில வாற ‘போ’. தெரியாது எண்டு அர்த்தம்.”

வெறுமனே தெரியாது என்பதற்கு வேறு வார்த்தை இருக்கிறதாம். இது, ‘ஆருக்குத் தெரியும், என்னட்டக் கேட்டு என்ன பிரயோசனம்’ என்பதையும் சேர்த்துச் சொல்லுமாம். கூட்டாளிமாரிடம் சொல்லலாம், முதலாளியிடம் சொல்லக்கூடாது. பதில் தெரிந்தும் சொல்ல மனமில்லாவிட்டால் அதற்கும் இதுதான்.

“போன புதுசில பாஷை தெரியா. சட்டி கழுவுற இடத்தில ஆர் என்ன கேட்டாலும் முழிச்சிட்டு நிப்பன். பக்கத்தில நிண்டவன்தான் இதச் சொல்லித் தந்தான். பிறகு எல்லாத்துக்கும் இதுதான். எப்ப ஊருக்குப் போவாய், பெண்சாதிய எப்ப கூப்பிடுவாய் எண்டெல்லாம் கேப்பாங்க. ‘போ’ எண்டிட்டு வேலையப் பாப்பன்.”

என் கோபம் இறங்கிவிட்டது. அத்தனை வருசமும் என்னைப் பற்றிக் கேட்டவர்களுக்கு அவரிடம் வேறு பதில் இருக்கவில்லை.

“அப்ப அண்ணன் கேட்டதுக்கும் அதுதானா?”

“போக விருப்பமில்ல புள்ள. இஞ்ச என்ன செய்து பிழைக்கிற எண்டு தெரியா. பயமா இரிக்கு.”

மறுநாள் இரண்டு பேரும் பஸ் ஏறி வாழைச்சேனைக்குப் போனோம். அண்ணனிடம் இவர் அந்தச் சொல்லின் கதையைச் சொன்னார், பயத்தையும் சொன்னார். அண்ணன் முதலில் சிரித்தார். பிறகு இவருடைய தோளைப் பிடித்து, “இத நேத்தே சொல்லியிருக்கலாமே மச்சான். நம்மட கடைக் குசினியில நிண்டு பாருங்க. பிடிச்சா இரிங்க” என்றார்.

இப்போது நாங்களும் வாழைச்சேனையில்தான் இருக்கிறோம். மத்தியானம் மீன்பிடித் துறைமுகத்து ஆட்கள் வந்து கடை நிறைந்துவிடும். இவர் மீனுக்கு மிளகாய்த் தூளைக் குறைக்கச் சொல்கிறார், அண்ணன் கேட்பதாயில்லை. இரண்டு பேரும் அடுப்படியில் வாதாடுவது சாப்பிடுகிறவர்களுக்கும் கேட்கும்.