கூட இருப்பவர் கையெழுத்து

லிஃப்ட்காரருக்கு அறுபத்தோரு வயது. அதில் முப்பத்திரண்டு வருஷம் லிஃப்டுகளுக்கு வைத்தியம் பார்ப்பதிலேயே போய்விட்டது. அவருடைய சொந்தப் பெயர் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. மாமியார் வீட்டிலேயே அவர் "லிஃப்ட்கார மாப்பிள்ளை"தான். லிஃப்டுக்காகக் காத்து நிற்பவர்களைக் கண்டால் அவருக்குச் சிரிப்பு வரும். ஒருமுறை அமுக்கினால் போதாதா? பொத்தானைப் போட்டுக் குத்திக்கொண்டே இருப்பார்கள். "அதுக்கு வலிக்குமே தவிர வேகம் வராதுங்க" என்று சொல்லிவிட்டு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போவார்.

அப்படிச் சிரித்த மனிதர்தான் ஏழு மாதமாக ஆஸ்பத்திரியில் தேதி கொடுக்கும் கவுண்டருக்கு வாரத்துக்கு மூன்று முறை போன் போட்டுக்கொண்டிருந்தார். போனை எடுக்கும் பெண்ணுக்கு அவர் குரல் மனப்பாடம். "ஐயா, தேதி வந்தா நாங்களே கூப்பிடுவோம்" என்பாள். அவள் சொல்வது நியாயம்தான். ஆனால் நியாயத்தை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

முதலில் சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போனது. வயசானால் எல்லாருக்கும் வருவதுதான் என்று ஒரு வருஷம் ஓட்டினார். பிறகு ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், ஊசியால் குத்திச் சதை எடுத்துப் பார்த்தது. புராஸ்டேட்டில் புற்றுநோய். பெரிய டாக்டர் பதற்றமே இல்லாமல் சொன்னார்: "இப்போதைக்கு உள்ளுக்குள்ளேதான் இருக்கு. அறுத்து எடுத்துட்டா தீர்ந்துச்சு. வரிசையில பேர் போட்டு வைக்கிறேன்."

மற்ற வார்த்தைகளெல்லாம் அந்த அறையிலேயே உதிர்ந்துவிட்டன. "இப்போதைக்கு" மட்டும் அவர் கூடவே வீட்டுக்கு வந்து சோற்றுத்தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. இரண்டு முறை தேதி கொடுத்தார்கள். ஒருமுறை பெரிய டாக்டருக்கே உடம்பு சரியில்லை. இன்னொருமுறை ஆபரேஷனுக்குப் பிறகு படுக்க வைக்கக் கட்டில் காலியில்லை. இரண்டு முறையும் பையை எடுத்துக்கொண்டு போய், பையை எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். இடையில் ஒவ்வொரு ரத்தப் பரிசோதனையிலும் நோயின் அளவைக் காட்டும் எண் ஏறிக்கொண்டே போனது.

அந்த ஏழு மாதத்தை அவர் எப்படிக் கடத்தினார் என்று கேட்டால், சரியாகக் கடத்தவில்லை என்பதுதான் பதில். எவரோ சொன்னார்கள் என்று பூசணி விதையைக் கிலோ கணக்கில் மென்றார். வேலையிடத்தில் சிறுநீரகக் கல் என்று பொய் சொன்னார். மனைவி தண்ணீர் சூடாக இருக்கிறது என்றால் அதற்கொரு சண்டை, ஆறிவிட்டது என்றால் அதற்கொரு சண்டை. ஆபரேஷனுக்குப் பிறகு சிறுநீர் அடங்க வேண்டும் என்று அடிவயிற்றுத் தசையை இறுக்கிப் பிடிக்கும் பயிற்சி ஒன்றைச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதை அவர் லிஃப்டுக்குள்ளேதான் செய்வார். தரையிலிருந்து பத்தாவது மாடி வரை இறுக்கிப் பிடிப்பது, இறங்கும்போது விடுவது. கூட ஏறியவர்கள், இந்த மனுஷன் ஏன் இப்படி விறைத்துக்கொண்டு நிற்கிறார் என்று ஓரக்கண்ணால் பார்ப்பார்கள்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் அவருக்கு ஒரு சிநேகிதர் கிடைத்தார். வாய் மூடாமல் பேசுவதால் நர்ஸுகள் வைத்த பெயர் ரேடியோ. அதே நோய், அதே வரிசை, ஆனால் இவருக்கு வெகு பின்னால். மனைவி இல்லை, ஒரே மகன் கடல் தாண்டி இருக்கிறான். இந்த ஆபரேஷன் செவ்வாய்க்கிழமைகளில் மட்டும்தான். யாராவது கடைசி நேரத்தில் வராமல் போனால் அந்த இடம் கிடைக்கும் என்று ரேடியோ ஒவ்வொரு செவ்வாயும் வெறும் வயிற்றோடு பையைத் தூக்கிக்கொண்டு வந்து மத்தியானம் வரை உட்கார்ந்திருப்பார். பதினொரு செவ்வாய் ஆயிற்று. ஒருவரும் வராமல் போகவில்லை.

"அடுத்தவன் வரக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டு உக்காந்திருக்கேன் அண்ணே. என்ன பொழைப்பு இது?" என்று சிரிப்பார். சிரிக்கும்போதே கண் கலங்கும்.

மூன்றாவது தேதி வந்தது. அதுவும் ஒரு செவ்வாய். முந்தின இரவிலிருந்து பச்சைத் தண்ணீர் தொடவில்லை. காலை எட்டு மணிக்கு லிஃப்ட்காரரை, முதுகுப் பக்கம் நாடா வைத்துக் கட்டும் பச்சை அங்கிக்குள் நுழைத்துவிட்டார்கள். பட்டியலில் அவர் மூன்றாவது. பதினோரு மணிக்கு மேலே கூட்டிப்போவார்கள். மனைவி நாடாவை இரண்டு முடிச்சாகப் போட்டாள். "இன்னைக்கு நடந்துடும்ங்க" என்றாள். அவருக்கும் அப்படித்தான் பட்டது. ஏழு மாதத்தில் முதல்முறையாகப் பயம் சற்று விலகி நின்றது.

எட்டரைக்குத் தள்ளுவண்டி போகும் லிஃப்ட் நின்றுவிட்டது. இன்னொன்று ஏற்கெனவே ஒரு மாதமாகப் பழுதாகிக் கிடந்தது. ஆபரேஷன் அறைகள் ஐந்தாவது மாடியில். முதல் நோயாளி தள்ளுவண்டியில் படுத்தபடி மூடாத கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பெனி மெக்கானிக் வர இரண்டு மணி நேரமாகுமாம். ஆஸ்பத்திரியின் பராமரிப்பு மேற்பார்வையாளர் சுவிட்சை அணைத்துப் போட்டார், போட்டு அணைத்தார், பிறகு கதவைக் கையால் தட்டினார்.

லிஃப்ட்காரர் பொறுத்துப் பார்த்தார். கால் மணி நேரத்துக்கு மேல் அவரால் முடியவில்லை. சின்னப் பிள்ளை முடிச்சு அவிழ்க்கத் தெரியாமல் இழுப்பதைப் பார்த்துக்கொண்டு யார்தான் சும்மா இருப்பார்கள்? அதோடு, இரண்டு மணி நேரம் போனால் பட்டியலில் கடைசி ஆளை வெட்டுவார்கள். கடைசி ஆள் அவர்தான்.

"தம்பி, தட்டாதீங்க. கீழ பாருங்க, கதவு ஓடுற பள்ளத்துல."

"நீங்க யாருங்க?"

"லிஃப்ட் மெக்கானிக். இன்னைக்கு மட்டும் நோயாளி."

முதுகுப் பக்கம் விரிந்த அங்கியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு முழங்காலிட்டார். மனைவியின் கொண்டை ஊசியை வாங்கிப் பள்ளத்துக்குள் விட்டு நெம்பினார். ஊசிமருந்துச் சிரிஞ்சின் மூடி ஒன்று நசுங்கி வெளியே வந்தது. பிறகு கதவின் மேல் விளிம்பில் படிந்திருந்த தூசியைப் பஞ்சால் துடைத்து, மின்தொடர்பு சேரும் இடத்தைச் சுத்தம் செய்ய மேற்பார்வையாளருக்குச் சொல்லிக் கொடுத்தார். கதவு மூடியது. அவர்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பழுது பார்த்தவன்தான் முதலில் ஏறிப் போய்விட்டு வர வேண்டும், தன் வேலையைத் தானே நம்புகிறான் என்று காட்ட. அவர் தனியாக ஏறி ஐந்து மாடி போய் இறங்கினார். கதவு திறந்தபோது வராண்டாவில் இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

"பிரமாதம்ங்க!" என்ற மேற்பார்வையாளர், தனக்கு வந்திருந்த டீயை அப்படியே அவர் கையில் கொடுத்தார்.

முப்பத்திரண்டு வருஷமாக அவருக்கு ஒரு வேலை முடிந்தது என்றால் டீ என்று அர்த்தம். லிஃப்ட் ஓடும், எவராவது டீ நீட்டுவார்கள், குடித்துவிட்டு டம்ளரைக் கொடுத்துப் பையைத் தூக்குவார். கை தானாகப் போனது, வாய் தானாகத் திறந்தது. பால் விட்ட சூடான டீ. மூன்றே மடக்கு. தொழில்காரனின் திருப்தியோடு உதட்டைத் துடைத்தார்.

"என்னங்க!" என்று மனைவி கத்தினாள்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வெறும் டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றார். படுபாவி, பத்து மணி நேரம் காத்த வயிற்றைப் பத்து நொடியில் கெடுத்தாயே என்று அவரை அவரே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

மனைவியை ஓரமாக இழுத்துப் போனார். "யாரும் கவனிக்கல. நீ வாயைத் திறக்காத. மூணு மடக்கு டீ என்ன பண்ணிடும்?" அவள் அவர் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கிக்கொண்டாள்.

பத்தரைக்கு மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா வந்தார். "நேத்து ராத்திரியிலேர்ந்து ஏதாவது சாப்பிட்டீங்களா, குடிச்சீங்களா?"

"இல்லைங்க."

"தண்ணி கூட?"

"இல்லைங்க டாக்டரம்மா."

டாக்டரம்மா எழுதப் போனார். அப்போது கட்டிலின் கால்மாட்டிலிருந்து குரல் வந்தது. "டீ குடிச்சாரு."

அவர் மனைவியைப் பார்த்த பார்வையில் அவள் எரிந்திருக்க வேண்டும். அவள் அழுதுகொண்டே சொன்னாள்: "டாக்டர், மயக்கத்துல வாந்தி வந்து நுரையீரலுக்குள்ள போச்சுன்னா ஆளே போயிடுவாங்கன்னு போன தடவை நீங்கதானே சொன்னீங்க? ஒன்பதரை மணிக்குக் குடிச்சாரு. பால் டீ."

டாக்டரம்மா பேனாவை மூடினார். கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் தேவலை. பால் டீ குடித்தால் ஆறு மணி நேரம் தள்ளியாக வேண்டும். மூன்றரை ஆகிவிடும். மூன்று மணி நேர ஆபரேஷனை அதற்குப் பிறகு தொடங்க மாட்டார்கள். ஒரு நர்ஸ் புது தேதி எழுதிய சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். பத்து வாரம் கழித்து.

"சிஸ்டர், உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்" என்றார் லிஃப்ட்காரர். வாழ்க்கையில் எவரிடமும் அவர் அப்படிக் கேட்டதில்லை. "அடுத்த வாரம் ஏதாவது ஒரு மூலையில சொருக முடியாதா?"

"எல்லா வாரமும் நெறஞ்சிருக்கு ஐயா." அவள் நல்ல பெண். சொல்லிவிட்டு நிற்க முடியாமல் போய்விட்டாள்.

காலியான இடம் ரேடியோவுக்குப் போனது. பன்னிரண்டாவது செவ்வாயில் அவருக்குப் பச்சை அங்கி கிடைத்தது. ரேடியோ பேசவே இல்லை. அங்கியை மாட்டிக்கொண்டு, லிஃப்ட்காரர் இருக்கும் பக்கம் பார்க்காமல் தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்தார். பிறகு நர்ஸ் படிவத்தோடு வந்தாள். "கூட யாரு இருக்காங்க? கூட இருக்கிறவங்க கையெழுத்து வேணும். ஆபரேஷன் முடியுற வரைக்கும் இங்கேயே இருக்கணும். ஆள் இல்லாம மேல ஏத்த மாட்டாங்க."

ரேடியோவுக்கு யாரும் இல்லை. பதினொரு செவ்வாயும் இடம் கிடைக்குமா என்றே கவலைப்பட்டவர், கிடைத்தால் கூட யார் இருப்பது என்று யோசிக்கவில்லை. முகம் செத்துப்போய்விட்டது. அப்போதுதான் அவர் லிஃப்ட்காரரைப் பார்த்தார். கேட்கவில்லை. எந்த வாயால் கேட்பார்?

லிஃப்ட்காரர் உள்ளே நினைத்ததை இங்கே மறைப்பதற்கில்லை. வீணாகப் போகட்டும் என்றுதான் நினைத்தார். எனக்கு இல்லாதது இவனுக்கு மட்டும் எதற்கு? அந்தத் தள்ளுவண்டியிலிருந்து ரேடியோவைப் பிடித்து இறக்கிவிட்டுத் தான் ஏறிப் படுத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. காலையில் பேசிய மனைவி அவர் முகத்தைப் பார்க்காமல் சேலை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"சீக்கிரம் சொல்லுங்க. தியேட்டர்ல கேக்கறாங்க" என்றாள் நர்ஸ்.

அவர் கையை நீட்டிப் படிவத்தை வாங்கினார். உறவு என்ற இடத்தில் 'அண்ணன்' என்று எழுதினார். கையெழுத்தை மட்டும் இரண்டு முறை போட வேண்டியிருந்தது. முதல் தடவை பேனா வழுக்கிவிட்டது.

"அண்ணே..." என்றார் ரேடியோ.

"பேசாம படுங்க. தொண்டை வறண்டுடும்."

லிஃப்ட்காரர் பச்சை அங்கியைக் கழற்றிச் சட்டைக்கு மாறினார். ஐந்தாவது மாடி வராண்டாவில் மூன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். எப்போதோ ஒரு தடவை அவள், "நான் சொல்லாம இருந்திருக்கணுமா?" என்று கேட்டாள். அவர் லிஃப்ட் ஏறி இறங்கும் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டரை மணி போல அவள் தண்ணீர் பிடிக்கக் கீழே போனாள்.

அவள் போன கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. முகமூடியைக் கழுத்துக்கு இறக்கியபடி ஓர் இளம் டாக்டர் வெளியே வந்து, ரேடியோவின் பெயரைச் சொல்லி, "கூட இருக்கிறவங்க யாரு?" என்று கேட்டார்.

லிஃப்ட்காரர் எழுந்தார்.

"அண்ணனா நீங்க? நல்லபடியா முடிஞ்சுது. உங்க தம்பி அதிர்ஷ்டக்காரர்ங்க. ஓரத்தைத் தொட்டுக்கிட்டு நின்னுச்சு. இன்னைக்கு எடுத்ததால ஆச்சு. இன்னும் ரெண்டு மாசம் விட்டிருந்தா வெளியே பரவியிருக்கும், அப்புறம் கத்தி வச்சும் பிரயோஜனம் இல்ல. இவ்வளவு நாளா வரிசையில இருந்தவங்களுக்கெல்லாம் இப்படித்தான் ஆகுது, என்ன பண்றது? சாயங்காலம் பார்க்கலாம்."

"டாக்டர்" என்றார் லிஃப்ட்காரர். "எனக்கு..."

கதவு அதற்குள் மூடிவிட்டது. சட்டைப்பையில் இருந்த சீட்டை எடுத்துத் தேதியைப் பார்த்தார். பிறகு அதை நாலாக மடித்து உள்ளே வைத்தார். மனைவி தண்ணீர் பாட்டிலோடு வந்துகொண்டிருந்தாள். கதவு மூடியதைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

"டாக்டர் வந்தாரா? என்ன சொன்னாரு?"

"நல்லபடியா முடிஞ்சுதாம்."

"அப்பாடா." அவள் பெஞ்சில் சரிந்து உட்கார்ந்தாள். காலையிலிருந்து அப்போதுதான் அவள் முகம் கொஞ்சம் இளகியது. "பாத்தீங்களா, இத்தனை மாசம் தள்ளிப்போயும் அவருக்கு ஒண்ணும் ஆகல. நமக்கும் பத்து வாரம்தானேங்க. வேற ஏதாவது சொன்னாரா?"

அவர் அவளைப் பார்த்தார். அவள் பதிலுக்காக, மூச்சைக் கூட விடாமல் காத்திருந்தாள்.

"வேற ஒண்ணும் சொல்லல" என்றார்.