திருவிடந்தை வீட்டில் ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர்

புது மதர்போர்டு பெட்டியைப் பிரித்தால் ஒரு வாசனை வரும்... பிளாஸ்டிக்கும் ரப்பரும் கலந்து, லேசாகத் தலைவலிக்க வைக்கும் வாசனை. போன வாரம் பக்கத்து ஃப்ளாட் பெண் புதுக் கம்ப்யூட்டரைக் காட்டக் கூப்பிட்டாள். பெட்டி திறந்ததும் நான் நினைப்பில் நேரே பழைய திருவிடந்தை வீட்டுக்குப் போய்விட்டேன்.

கல்யாணம் ஆன புதிது. என் வீட்டுக்காரர் பிரபுவுக்குக் கல்பாக்கம் பக்கம் வேலை. எனக்குக் கோயம்புத்தூரில் சாஃப்ட்வேர் வேலை. சனி ஞாயிறு தம்பதி என்று தோழிகள் கிண்டலடிப்பார்கள்.

மேனேஜரிடம் கெஞ்சிக் கூத்தாடி, ஆறு மாசம் வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி வாங்கினேன். அப்போதெல்லாம் அது கேள்விப்படாத விஷயம். நிபந்தனை இதுதான்: விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் ஓடுகிற நல்ல டெஸ்க்டாப்பை நானே வைத்துக்கொள்ள வேண்டும். வேலை தடங்கலில்லாமல் நடந்தால் அப்படியே தொடரலாம். இல்லையென்றால் கோயம்புத்தூருக்கே திரும்ப வேண்டும்.

கல்பாக்கத்துக்குப் போய்வருகிற தூரத்தில், திருவிடந்தையில் கடலைப் பார்த்த மாடி வீடு ஒன்றைப் பிடித்தோம்.

பார்ட்ஸ் தேர்ந்தெடுத்த அந்த ஒரு மாசம்தான் எங்கள் தேனிலவு என்பேன். ஒரே நாற்காலியில் ஒட்டி உட்கார்ந்து, அவருடைய பழைய லேப்டாப்பில், இன்டர்நெட்டில் ஃபோரம் ஃபோரமாக மேய்வோம். இந்த கிராஃபிக்ஸ் கார்டை இயக்கும் டிரைவர் சாஃப்ட்வேர் லினக்ஸோடேயே வருமா, தனியாகத் தேடி அலைய வேண்டுமா? இந்த வைஃபை கார்டை அது கண்டுகொள்ளுமா? ஃபோரத்தில் எழுதிய, முன்பின் தெரியாத ஜெர்மன்காரர் ஒருவரையும் விடாமல் கேள்வி கேட்டுத் துளைத்தோம்.

"உன்னைப் பொண்ணு பார்க்க வந்தப்பகூட நான் இவ்ளோ விசாரிக்கல" என்றார் பிரபு.

"அதான் தெரியுதே" என்றேன்.

பார்ட்ஸையெல்லாம் உள்ளே வைக்கிற கேபினட் மட்டும் உடனே முடிவானது. முன்பக்கம் முழுக்க வலை, மூன்று ஃபேன். மேசையை ஜன்னலோரம் போட்டோம்.

"கடல் காத்து சும்மா கிடைக்குது, ஏசி எதுக்கு?" என்றார். எனக்கும் அது பெரிய புத்திசாலித்தனமாகத்தான் பட்டது.

முதல் நாளே லினக்ஸ் எல்லாப் பார்ட்ஸையும் அடையாளம் கண்டுகொண்டது. வைஃபை, சவுண்ட், ஒன்றுகூட முரண்டு பிடிக்கவில்லை. மாமல்லபுரம் போய் மீன் வறுவல் சாப்பிட்டுக் கொண்டாடினோம்.

மழைக்காலம் வந்தது... வேலைக்கு நடுவில் திரை அப்படியே உறைந்து நிற்கும். சில காலைகளில் ஆன் ஆகவே ஆகாது. நாங்கள் லினக்ஸைத்தான் சந்தேகப்பட்டோம். வேறு வெர்ஷன் போட்டோம், அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்தோம். மெமரி கார்டான ரேமைக் கழற்றி, ரப்பரால் தேய்த்து மாட்டினால் ரெண்டு நாள் ஓடும். மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போதே பாதியில் காணாமல் போவேன்.

கடைசியில் திருப்போரூர் கடை ஒன்றுக்குத் தூக்கிப் போனோம். கடைக்காரர் போர்டைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார். பின்களில் பச்சை பூத்திருந்தது.

"வூடு எங்கக்கா, பீச்சாண்டயா? மூணு ஃபேன மாட்டி உப்புக் காத்த உள்ள இஸ்துகினு கீறீங்க. போர்ட உப்பு துன்னுட்ச்சி."

ஊர் உலகத்தையெல்லாம் விசாரித்தோம். ஜன்னலுக்கு வெளியே இருந்த கடலை இரண்டு பேரும் யோசிக்கவே இல்லை.

புதுப் போர்டு வாங்கினோம். அதற்குள் மேனேஜர் பொறுமை இழந்துவிட்டார். திங்கட்கிழமை ஆபீஸுக்கு வந்துவிடச் சொல்லி மெயில் வந்தது. வேலையை விட முடியாது, தங்கையின் படிப்பு என் சம்பளத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. பஸ் ஏற்றிவிட வந்த பிரபு, ஜன்னல் வழியாகத் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார்.

ஒரு வருஷம்தான் பிரிந்திருப்போம் என்று நினைத்தோம்... அது வருஷக்கணக்கில் இழுத்துக்கொண்டு போனது.

இப்போது செங்கல்பட்டில் சொந்த ஃப்ளாட். கம்பெனியே லேப்டாப் கொடுத்து, வீட்டிலிருந்தே பார் என்கிறது. பிரபு சாயங்காலம் வந்ததும் தனக்கு ஒரு கப் டீ போட்டுக்கொண்டு பால்கனிக்குப் போவார். கொஞ்ச நேரம் கழித்து நான் எனக்கு ஒரு கப் போட்டுக்கொள்வேன்.

சண்டையெல்லாம் இல்லை. சேர்ந்திருந்து பழக வேண்டிய வருஷங்களில் தனியாக இருக்கப் பழகிவிட்டோம், அவ்வளவுதான். அதை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை.

இன்றைக்காவது முந்திக்கொண்டு ரெண்டு பேருக்கும் போட்டுவிடலாம் என்று தினமும் நினைக்கிறேன்... தண்ணீர் ஊற்றும்போது கை ஒரு கப்போடு நின்றுவிடுகிறது.