தோற்காத கழகத்துக்கு ஆள் கொண்டுபோன பயணம்

சிட்னியிலிருந்து மெல்பேர்னுக்குக் காரில் போக நினைப்பவர்கள் இப்போதும் என்னிடம் வழி கேட்கிறார்கள். நான் முதன்முதலாக அந்தப் பாதையில் போனது எழுபதுகளின் கடைசியில். எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் தட்டுகிறாள்.

போன காரணம் என் மனைவி பாக்கியத்தின் தம்பி ராசன். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணிக்குக் கூடைப்பந்து ஆடியவன். சிட்னி மெரிலேண்ட்ஸில் எங்களோடுதான் இருந்தான். அவன் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடி மாதக்கணக்காகிவிட்டது. அந்தக் காலத்தில் மெல்பேர்னில் ஒரு கூடைப்பந்துக் கழகம் இருந்தது. நாட்டில் எந்த அணி வந்தாலும் அடித்து அனுப்பிவிடும். சிட்னிக்காரர்கள் அங்கே ஆடப் போனால், எத்தனை புள்ளியால் தோற்போம் என்றுதான் புறப்படும்போதே பேசிக்கொள்வார்கள். சம்பளம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் அணியில் எடுத்த ஆளுக்குக் கழகமே ஒரு வேலை பிடித்துக் கொடுக்கும். ராசனை ஒரு சனிக்கிழமை வந்து ஆடிக் காட்டச் சொல்லியிருந்தார்கள். தம்பிக்கு வேலை கிடைக்க வேண்டுமென்று பாக்கியம் நேர்ந்துகொண்டு அந்தக் கிழமை முழுவதும் மரக்கறிதான் சமைத்தாள்.

வெள்ளி காலை நான்கு மணிக்கு வெளிக்கிட்டோம். எண்ணூற்று ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். இன்றைய அகலப் பாதையை நினைக்காதீர்கள்; போக ஒன்று, வர ஒன்று, நடுவில் லொறிகள். கோல்பர்னில் தேநீர், கண்டகையில் ஆற்றங்கரையில் புட்டும் சம்பலும். எனக்கு ஓரிடத்திலும் இருப்புக் கொள்ளவில்லை. ராசன் கால்களை நீட்ட இடமில்லாமல் மடித்துக்கொண்டு நன்றாக நித்திரை கொண்டான். ஓல்பரி தாண்டினால் மாநிலம் மாறும். அங்கே காருக்கு எண்ணெய் தண்ணீர் பாருங்கள்.

சீமோரில் பெற்றோல் அடித்தவரிடம் அந்தக் கழகத்தின் அரங்கு எந்தப் பக்கம் என்று ராசனைக் கேட்கச் சொன்னேன். அவருக்கு அந்தப் பெயரே தெரியவில்லை. காலால் உதைக்கும் பந்தா என்று கேட்டார். இல்லை, கூடைப்பந்து என்றதும் சிரித்துவிட்டு மிச்சக் காசைத் தந்தார். மெல்பேர்ன் அங்கிருந்து நூறு கிலோமீட்டர்தான். நாட்டிலேயே முதலாவது அணி, பக்கத்து ஊர்க்காரருக்குத் தெரியாது. குளிர்காலம் உதைபந்துக்கு, கோடை கிரிக்கெட்டுக்கு; கூடைப்பந்துக்குப் பத்திரிகையின் அடி மூலையில் நாலு வரி. இதையா நம்பி வந்தோம் என்று நினைத்துக்கொண்டு காரை எடுத்தேன்.

மறுநாள் காலை அரங்கு. தகரக் கூரை, பலகைத் தரை, உள்ளே வெளியைவிடக் குளிர். கழக ஆட்களை இரண்டாகப் பிரித்து, ராசனை ஒரு பக்கம் விட்டார்கள். நல்லாகத்தான் ஆடினான். தூரத்திலிருந்து எறிந்த முதல் மூன்று பந்தும் வளையத்துக்குள் விழுந்தன. பிறகு ஒருவர் எறியும்போது இவன் விரல் அவர் மணிக்கட்டில் பட்டது. விதிப்படி அது பிழை; ஆனால் நடுவர் காணவில்லை, ஊதவில்லை. பிழை தன்னுடையது என்று ராசன் அப்படியே நின்று கையைத் தூக்கினான். தவறிய பந்தை அவர்கள் எடுத்து, நிற்கிற இவனைச் சுற்றிக்கொண்டு போய்ப் போட்டார்கள். கழிவறைக்குப் போக அனுமதி கேட்கிறானாக்கும் என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

இடைவேளையில் பயிற்சியாளர் அவனைக் கூப்பிட்டு, விசில் கேட்கும்வரை ஆடு என்றார். அவர் போன பிறகு நானும் சொன்னேன்.

"கையைத் தூக்காதை. ஊதினால் மட்டும் தூக்கு."

"எங்கட பள்ளிக்கூட மைதானத்துக்கு எந்த நடுவர் வந்தவர், அத்தான்? பட்டவன் கத்தக்கூடாது, பிடிச்சவன் கை தூக்கோணும். அப்பிடித்தானே பழகினனாங்கள்."

"அது அங்கை. இஞ்சை உன்ர வேலை போகப்போகுது."

சரியென்று தலையை ஆட்டினான். கடைசி நிமிடங்களில் இரண்டு பக்கமும் சரிசமம். ஒருவர் வளையத்துக்குக் கீழே பந்தோடு எழும்ப, ராசனின் தோள் அவரில் இடித்தது. விசில் இல்லை. அவரிடமிருந்து நழுவிய பந்து ராசனின் கையில் இருந்தது. முன்னால் ஒருவரும் இல்லை, ஓடிப் போட்டால் முடிந்தது. நான் கதிரையை விட்டு எழும்பி நின்றேன். அவன் பந்தைத் தரையில் வைத்துவிட்டுக் கையைத் தூக்கினான்.

பயிற்சியாளர் அவனை உட்கார வைத்தார்.

முடிந்ததும் எங்களிடம் வந்தார். அணியில் இடமில்லை என்று நேரே சொன்னார். பிறகு கழகத்துச் சிறுவர் ஆட்டங்களைப் பற்றிப் பேசினார். பெற்றோர் சத்தம் போட்டால் நடுவர்கள் கண்டதைக் காணாத மாதிரி விடுகிறார்கள். அங்கே நடுவராக இவனைப் போல ஒருவர் வேண்டும், பலகை விற்கும் ஒரு மரக்காலையில் வேலையும் ஒழுங்கு செய்யலாம் என்றார். எனக்குக் கோபம் வந்தது.

"விளையாட வந்தவனை ஊதச் சொல்லுறாங்கள். வா, போவம்."

"நான் நிக்கிறன், அத்தான்."

"உன்ர அக்காவுக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?"

"வேலை கிடைச்சிட்டுது எண்டு சொல்லுங்கோ. மிச்சத்தை நான் கடிதத்திலை எழுதிறன்."

ஞாயிறு தனியாகத் திரும்பினேன். வழிப்பலகை வாசிக்கப் பக்கத்தில் ஆள் இல்லை. போகும்போது பார்த்த பாலங்களையும் தண்ணீர்க் கோபுரங்களையும் தலைகீழாக நினைவில் வைத்துத்தான் வந்தேன். என் புத்திமதி இதுதான்: தனியாக ஒரே நாளில் ஓடாதீர்கள், பாதி வழியில் படுத்து எழும்புங்கள். பொழுதுபட்ட பிறகு கங்காருக்கள் பாதைக்கு வரும். மெல்பேர்னில் குளிருக்குத் தடித்த சட்டை வேண்டும்.

பிறகு கூடைப்பந்துக்குத் தேசிய லீக் வந்தது, அந்தக் கழகம் சிட்னிக்கும் வந்து வென்றது. பாக்கியத்தையும் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனேன். நடுவர் ராசன் வயதுப் பெடியன்; எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் அவனைத் திட்டித் தீர்த்தார்கள். பாக்கியம் முன்னுக்குக் குனிந்து ஒருவரின் தோளில் தட்டினாள்.

"அந்தப் பிள்ளைக்கும் ஒரு அக்கா இருப்பாள்," என்றாள் தமிழில்.

அவருக்கு விளங்கியிருக்காது. ஆனால் ஆட்டம் முடியுமட்டும் வாய் திறக்கவில்லை.